எங்கள் வீட்டு மோடமும் அம்மாவின் கேள்வியும்



என் பழைய மாணவர் ஒருவர் பெங்களூரில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் எட்டாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தவர். போன மாதம் போனில் பேசும்போது, "டீச்சர், நீங்க அந்தக் காலத்துலயே லினக்ஸ்ல டயல்-அப் கனெக்‌ஷன் போட்டு மெயில் பார்த்தீங்களாமே, நிஜமா?" என்று கேட்டார். நிஜம்தான். அதை எப்படிச் செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதித் தருகிறேன் என்றேன். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். தொழில்நுட்பம் வேண்டாம் என்பவர்கள் நடுவில் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

2002-ஆம் ஆண்டுக் கடைசி. சாத்தூரில் குடியிருந்தோம். பக்கத்துக் கிராமத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் நான் இடைநிலை ஆசிரியை. அம்மா எங்களோடு இருந்தார். என் தம்பி 1998-லிருந்து குவைத்தில் எலக்ட்ரீஷியன். ஐ.எஸ்.டி. பேசினால் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தே பாதிப் பேச்சு மறந்துபோகும். கடிதம் வந்துசேர பத்துப் பதினைந்து நாள். தம்பி வேலை செய்த கம்பெனியின் ஸ்டோர் அறையில் ஒரு கணினி இருந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் அதில் மெயில் பார்க்க அனுமதித்தார்கள். அங்கே எட்டு என்றால் இங்கே பத்தரை. நம் ஊர் பிரவுசிங் சென்டர் ஒன்பது மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும். அதனால் வீட்டிலேயே ஒரு இணைப்பு வேண்டும் என்று ஆசை வந்தது.

என் அக்கா மகன் அப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். சிவகாசியில் ஒரு அச்சகம் புதுக் கணினிகள் வாங்கியபோது கழித்த பழைய பெண்டியம் ஒன்றை மலிவாக வாங்கிக் கொண்டுவந்தான். ராம் 64 எம்பி. "இதுல இருக்கிற விண்டோஸ் திருட்டுக் காப்பி சித்தி, வைரஸ் வேற. லினக்ஸ் போட்டுத் தர்றேன்" என்றான். பிசிகுவெஸ்ட் என்ற கணினி இதழ் லினக்ஸ் சிடிகளை இதழோடு கொடுக்கும். கல்லூரி நண்பனிடம் இருந்த அந்த சிடியைக் கொண்டுவந்து போட்டான்.

லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்கும் அத்தைமார்களுக்கு இரண்டு வரி: 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். 1991-ல் பின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதே பாணியில் புதிதாக எழுதியது லினக்ஸ். இலவசம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம்.

கணினி வந்தது, போன் லைன் இருந்தது, இணைய நேரமும் வாங்கினோம். இணைப்புதான் வரவில்லை. கணினிக்குள்ளேயே மோடம் இருந்தது. ஆனால் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பையன் அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது வின்மோடம் சித்தி. உள்ள மூளையே கிடையாது."

கணினிக்குத் தெரிந்தது 0, 1 இரண்டும்தான். பழைய போன் கம்பி மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் அதில் போகும். எனவே 0, 1 என்பதை ஒலியாக மாற்றி அனுப்பி, அந்தப் பக்கம் ஒலியை மறுபடி 0, 1 ஆக்க வேண்டும். மாடுலேட்டர், டீமாடுலேட்டர் இரண்டு சொற்களின் தலையையும் சேர்த்து ஒட்டியதுதான் மோடம். இந்தக் கணக்கை எல்லாம் நல்ல மோடம் தன் சிப்பில் தானே போடும். விலை குறைப்பதற்காக அந்தச் சிப்பை எடுத்துவிட்டு, கணக்கை விண்டோஸ் மென்பொருளின் தலையில் கட்டியவைதான் வின்மோடங்கள். விண்டோஸ் இல்லாத வீட்டில் அது வெறும் தகரம். சில வகைகளுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தது. எங்களுடையதற்குக் கிடைக்கவில்லை.

2003 பொங்கல் விடுமுறைக்கு வரும்போது மதுரையிலிருந்து வெளியே வைக்கும் மோடம் ஒன்றைப் பழையதாக வாங்கிவந்தான். சாப்பாட்டு டப்பா அளவு. தனி அடாப்டர், பின்னால் சீரியல் கேபிள், முன்னால் ஒரு வரிசைச் சிவப்பு விளக்குகள். இனி அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் கரும்பைவிட அதைத்தான் அதிகம் கடித்தோம்.

முதல் வேலை, மோடம் எந்த வாசலில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது. யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு நல்ல வழக்கம்: கருவிகளையும் கோப்புகளைப்போலவே பாவிக்கும். 'டெவ்' என்ற அடைவில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர். முதல் சீரியல் வாசலுக்கு டிடிஒய்எஸ்0, இரண்டாவதற்கு டிடிஒய்எஸ்1. விண்டோஸில் காம்1, காம்2 என்பது இவைதான். இங்கே எண்ணிக்கை சைபரிலிருந்து தொடங்கும். டிடிஒய் என்பது டெலிடைப் என்ற பழைய தந்தித் தட்டச்சு இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்ததாம். அந்த இயந்திரம் காட்சியகத்துக்குப் போன பிறகும் பெயர் மட்டும் கணினிக்குள் குடியிருக்கிறது. இடித்துவிட்ட சினிமாக் கொட்டகையின் பெயரை பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் சொல்கிறோமே, அதுபோல.

அடுத்து மினிகாம் என்ற நிரலைத் திறந்து, ஏ, டி என்று இரண்டு எழுத்து தட்டி என்டரை அழுத்தச் சொன்னான். அடுத்த வரியில் 'ஓகே' என்று பதில் வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதன்முதலாகப் பலகையில் 'அ' எழுதிக் காட்டினால் எனக்கு வருமே ஒரு சந்தோஷம், அதே சந்தோஷம். 1981-ல் ஹேய்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தில் வந்த கட்டளை மொழி இது. பிறகு எல்லா நிறுவனங்களும் அதையே பின்பற்றின. ஏடி என்றால் அட்டென்ஷன், அதாவது 'கவனி'. நம் டிரில் மாஸ்டர் சொல்வதுதான். ஏடிஇசட் என்றால் பழைய நிலைக்குத் திரும்பு. ஏடிடிடி என்று போட்டு எண்ணைத் தட்டினால் டோன் முறையில் டயல் செய். ஏடிடிபி என்றால் பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கான பல்ஸ் முறை. ஏடிஎச் என்றால் ரிசீவரைக் கீழே வை.

டயல் செய்யச் சொன்னோம். 'நோ டயல்டோன்' என்றது. பக்கத்தில் இருந்த போனை எடுத்துக் கேட்டால் டயல்டோன் நன்றாகவே இருக்கிறது. பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எக்ஸ்3 என்று ஒரு கட்டளையைச் சேர்த்தான். அமெரிக்க டயல்டோனும் நம் ஊர் டயல்டோனும் ஒன்றல்ல. அந்த ஊர் ஒலிக்குப் பழகிய மோடம் நம்முடையதைக் கேட்டும் அடையாளம் தெரியாமல் நிற்கும். எக்ஸ்3 என்றால், 'டோனுக்காகக் காத்திருக்காதே, நேரே டயல் செய்' என்று பொருள். அதன் பிறகு டயல் செய்தது.

அந்தச் சத்தத்தை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கீச்சென்று ஒரு ஒலி, பிறகு கரகரப்பு, பிறகு அருவி விழுவதுபோல ஓர் இரைச்சல். அம்மா முதல்முறை கேட்டபோது, "ஏம்மா, எலி எதுவும் மாட்டிக்கிச்சா?" என்றார். உண்மையில் இரண்டு மோடங்களும் லைன் எப்படி இருக்கிறது என்று சோதித்து, என்ன வேகத்தில் பேசலாம் என்று பேரம் படிக்கிற சத்தம் அது. பேரம் படிந்ததும் ஸ்பீக்கர் அடங்கிவிடும், திரையில் 'கனெக்ட்' என்று வரும். எங்களுக்கும் வந்தது. உடனே திரை முழுக்கச் சுழிகளும் அடைப்புக்குறிகளுமாகக் குப்பை கொட்டியது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். "இல்ல சித்தி, அந்தப் பக்கம் பிபிபி பேச ஆரம்பிச்சிருச்சு. நமக்குத்தான் புரியல" என்றான்.

பிபிபி என்பது இரண்டு முனைகள் ஒரே கம்பியில் இணையப் பொட்டலங்களைப் பரிமாறிக்கொள்ளும் விதிமுறை. 1994-ல் வந்த வடிவம்தான் இன்றும் நிலையாக இருக்கிறது. அதில் மூன்று கட்டம். முதலில் எப்படிப் பேசுவது என்று ஒப்பந்தம். இரண்டாவது, நீ யார் என்று நிரூபி. மூன்றாவது, இதோ உனக்கு ஒரு முகவரி. லாட்ஜில் அறை எடுப்பதுபோல என்று என் நோட்டில் எழுதி வைத்தேன். வரவேற்பில் பேச்சு, அடையாள அட்டை, பிறகு அறை எண். இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி போனால் பெரும்பாலும் வேறு அறை எண்தான் கிடைக்கும்.

டயல் செய்வதுவரை உள்ள வேலையைச் 'சாட்' என்ற சின்ன நிரல் செய்யும். இதை நான் உடனே புரிந்துகொண்டேன், ஏனென்றால் அது வருகைப் பதிவு எடுப்பதுதான். எதிர்பார், சொல்; எதிர்பார், சொல் என்று ஜோடி ஜோடியாக எழுத வேண்டும். முதலில் ஒன்றும் எதிர்பார்க்காமல் ஏடிஇசட் என்று சொல். 'ஓகே' என்று வந்தால் டயல் கட்டளையைச் சொல். 'கனெக்ட்' என்று வந்தால் உன் வேலை முடிந்தது, பிபிபிடி என்ற நிரலிடம் கம்பியை ஒப்படை. நடுவில் 'பிஸி' என்றோ 'நோ கேரியர்' என்றோ வந்தால் கைவிடு. பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' வரவேண்டும், வராவிட்டால் ஆப்சென்ட். அவ்வளவுதான்.

பெயரும் கடவுச்சொல்லும் பாப்-சீக்ரெட்ஸ் என்ற கோப்பில் போகும். அந்தக் கோப்புக்கு 600 என்று அனுமதி வைக்க வேண்டும் என்றான். ஏன் 600? படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. உரிமையாளருக்கு 4+2=6. அவருடைய குழுவுக்கு 0, மற்றவர்களுக்கு 0. மூன்று இலக்கத்தில் மூன்று பேருக்கான உரிமை. இந்த எண்கணிதத்தை என் ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன், கணினியே பார்க்காத பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் 755 என்றால் என்ன என்று சொன்னார்கள்.

எல்லாம் எழுதியும் இணைப்பு சில நொடிகளில் அறுந்தது. கணினி தன் நாட்குறிப்பை 'மெசேஜஸ்' என்ற கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதன் வாலைப் பார்க்க 'டெயில்' என்றே ஒரு கட்டளை. பார்த்தால், எதிர்முனை தன்னை நிரூபிக்க மறுத்தது என்று ஒரு வரி. நம் கணினி இணையச் சேவை நிலையத்தைப் பார்த்து, 'நீ யார், நீயும் நிரூபி' என்று கேட்டிருக்கிறது! அவர்கள் அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. வாடிக்கையாளர்தான் நிரூபிக்க வேண்டும். 'நோஆத்' என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் நின்றது. கேட்டது கணினியின் தப்பு இல்லையே என்று எனக்கு அன்றே தோன்றியது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கடைசியாக ஒரு முடிச்சு. எண் முகவரிக்குப் 'பிங்' கொடுத்தால் பதில் வருகிறது, பெயரைக் கொடுத்தால் வரவில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாததுதான் காரணம். ரிசால்வ்.கான்ஃப் என்ற கோப்பில் 'நேம்சர்வர்' என்று போட்டு, சேவை நிலையம் கொடுத்த இரண்டு எண்களை எழுதினோம். தபால்காரருக்குக் கதவு எண் தெரிந்தால் போதும். நமக்குத்தான் பெயரிலிருந்து கதவு எண்ணைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

இத்தனையையும் தானே செய்யும் வ்விடயல், கேபிபிபி போன்ற நிரல்கள் அப்போதே இருந்தன. பையன் வேண்டுமென்றே என்னை நீண்ட வழியில் கூட்டிப்போனான். "நான் காலேஜ் போயிட்டா ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கேப்பீங்க?" என்றான். கிளம்புவதற்கு முந்தின நாள் எழுதிய கோப்புகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, "இப்ப நீங்க முதல்ல இருந்து போடுங்க சித்தி. நான் பேச மாட்டேன்" என்று சொல்லி கரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பது பக்க நோட்டை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் போட்டு முடித்தேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைகளில் இதைவிடச் சிறந்த தேர்வு முறை ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை.

அதன்பின் தினமும் இரவு ஒரே வழக்கம். இணைப்பில்லாமலே பதிலை எழுதி வைப்பேன். பிறகு டயல் செய்வேன், வந்ததை இறக்குவேன், எழுதியதை அனுப்புவேன், துண்டித்துவிடுவேன். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 56 கே மோடம் என்றால் முழு வேகத்திலும் ஒரு நொடிக்கு 7 கிலோபைட்தான். ஒரு எம்பி இறங்க இரண்டரை நிமிடம். எங்கள் லைனில் அதில் பாதி கிடைத்தாலே அதிசயம். தம்பி தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவான். நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இதற்குள் ஈராக் போர்ப் பேச்சு வலுத்துவிட்டது. மார்ச் 20-ஆம் தேதி போர் தொடங்கியது. அமெரிக்கப் படைகள் குவைத்திலிருந்துதான் கிளம்பின. எனவே ஏவுகணை குவைத்துக்கும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஐ.எஸ்.டி. போட்டால், இந்தத் தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு அம்மையார் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். மெயில்தான் எங்களுக்கு மிஞ்சியது.

மார்ச் 29, சனிக்கிழமை. காலைச் செய்தியில், குவைத் நகரில் கடற்கரையோரம் சூக் ஷர்க் என்ற வணிக வளாகத்தின் அருகே ஏவுகணை விழுந்தது என்று சொன்னார்கள். அம்மா காபியைத் தொடவில்லை. நான் மோடத்தைப் போட்டேன். இரைச்சல் வந்தது, 'கனெக்ட்' வந்தது, முழுசாக ஒரு மெயில் இறங்குவதற்குள் 'நோ கேரியர்'. மறுபடி போட்டேன். மறுபடி அதே. ஏழு மணியிலிருந்து எட்டரை வரை எத்தனை முறை போட்டேன் என்று எண்ணவில்லை. அக்கா மகன் கல்லூரி விடுதியில். விடுதிப் போனை யாரும் எடுக்கவில்லை.

அப்போது நோட்டை எடுத்துக்கொண்டு, தேர்வுத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். ஏடிக்கு 'ஓகே' வருகிறதா? வருகிறது. டயல் செய்கிறதா? செய்கிறது. எதிர்முனை எடுக்கிறதா? எடுக்கிறது. கடவுச்சொல் ஏற்கப்படுகிறதா? நாட்குறிப்பைப் பார்த்தேன், ஏற்கப்பட்டிருக்கிறது, முகவரியும் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அறுகிறது. முன்னால் சிடி என்ற விளக்கு, அதாவது எதிர்முனையின் ஒலி கேட்கிறது என்பதற்கான விளக்கு, சற்று எரிந்து அணைகிறது. அப்படியானால் என் கோப்புகளில் பிழை இல்லை. கம்பிதான். போனை எடுத்துக் காதில் வைத்தேன், அப்பளம் பொரிவதுபோல் சத்தம். முந்தின இரவு பெய்த கோடை மழையில் எங்கோ இணைப்பில் நீர் இறங்கியிருக்கிறது.

கம்பியை நான் மாற்ற முடியாது. பேரத்தை மாற்றலாமே என்று தோன்றியது. இரண்டு மோடங்களும் ஆசைப்பட்டு அதிக வேகத்துக்கு ஒப்புக்கொள்கின்றன, கம்பி தாங்கவில்லை. மோடத்தோடு வந்த சின்னக் கையேட்டின் பின்பக்கங்களில் பிளஸ் எம்எஸ் என்று ஒரு கட்டளை இருந்தது. எந்த முறைக்கு மேல் போகாதே என்று மோடத்துக்கு வரம்பு கட்டுவதற்கு. புதிய வி.90 முறையை விட்டு, பழைய வி.34 முறைக்கு இறக்கி, அதிலும் வேகத்தைக் குறைத்து, சாட் கோப்பில் டயலுக்கு முந்தைய வரியாகச் சேர்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. இரைச்சல் இந்தமுறை வேறு மாதிரி, கொஞ்சம் கட்டையாக இருந்தது. இணைப்பு கிடைத்தது. சிடி விளக்கு நின்று எரிந்தது. 

மூன்று மெயில். முதல் இரண்டும் விளம்பரம். மூன்றாவது தம்பி. 'நான் நன்றாக இருக்கிறேன். எங்கள் கேம்ப் ஃபஹாஹீல் பக்கம், குண்டு விழுந்த இடத்திலிருந்து தெற்கே ரொம்ப தூரம். அம்மாவைச் சாப்பிடச் சொல்' என்று நான்கு வரி.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல அவன் கையெழுத்து எங்க இருக்கு?"

"மெயில்ல கையெழுத்து வராதும்மா."

"அப்ப நீ எழுதுனதா இருந்தா? நீ டீச்சரு. அழுகிற பிள்ளைக்கு எதையாவது சொல்லி உக்கார வைக்கிறது உனக்குக் கைவந்த வேலை."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். சேவை நிலையம் எங்களை நிரூபிக்கச் சொல்கிறது. அம்மா மட்டும் ஏன் கேட்கக் கூடாது? 'நோஆத்' என்று எழுதி அந்தக் கேள்வியைக் கணினியில் அணைக்கலாம், அம்மாவிடம் அணைக்க முடியாது. "சரிம்மா, அவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைக் கேளுங்க. எழுதி அனுப்புறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆறாப்பு படிக்கையில புளியமரத்துல இருந்து விழுந்து கை ஒடிஞ்சுச்சே, கட்டுப் போட்டுட்டு வர்ற வழியில நான் அவனுக்கு என்ன வாங்கிக் குடுத்தேன்னு கேளு" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன். எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் அந்தக் கேள்வியின் பலம். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அம்மா அன்று பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. இரவு பதினொன்று தாண்டி மறுபடி டயல் செய்தேன். பதில் வந்திருந்தது. 'பஸ் ஸ்டாண்டில் சேவு வாங்கிக் கொடுத்தாய். வலது கையில் கட்டு, அதனால் நீயே ஊட்டிவிட்டாய். அக்கா பரீட்சை ஃபீஸுக்கு வைத்திருந்த காசு அது, அவளிடம் சொல்லாதே என்றாய். இன்றுவரை நான் சொல்லவில்லை.'

வாசித்துக்கொண்டே வந்த என் குரல் கடைசி வரியில் நின்றுவிட்டது. அந்த வருடம் ஃபீஸ் கட்டக் கடைசி நாள்வரை இழுத்ததும், அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. காரணம் அன்றுதான் தெரிந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "அவன்தான்" என்றார். பிறகு, "சோறு இருக்கா?" என்று கேட்டார். பதினொன்றரை மணிக்கு ரசம் சுடவைத்தேன்.

லைன்மேன் திங்கட்கிழமை வந்து, கம்பத்துப் பெட்டியில் துருப்பிடித்திருந்த இணைப்பை மாற்றிக்கொடுத்தார். வேக வரம்பை நான் எடுக்கவில்லை. போர் முடியும்வரை எனக்கு வேகம் தேவைப்படவில்லை, அறுந்துபோகாமல் இருந்தால் போதும். அந்த வாரம் எங்கள் தெருவில் வளைகுடாவில் ஆள் இருந்த வேறு நான்கு வீட்டுப் பெண்களும் துண்டுச் சீட்டோடு வந்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் விசாரிப்புக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது. மாமியார் கல்யாணத்துக்குக் கட்டி வந்த சேலை என்ன நிறம், முதல் பிள்ளைக்குப் பேர் வைத்தது யார் என்று. அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். பதில்கள் எல்லாம் வந்தன. ஒரு வீட்டில் மட்டும் சேலை நிறத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு, அதைப் பற்றி அடுத்த இரண்டு மெயிலில் சண்டை நடந்தது.

2005-க்குப் பிறகு அகலப்பட்டை வந்தது, மோடம் ஓய்வுபெற்றது. தம்பி 2009-ல் ஊர் திரும்பி எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். அம்மா 2011-ல் காலமானார். அக்கா மகன் இப்போது வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். அவன் எனக்கு விட்டுப்போன நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

கேள்வி கேட்ட மாணவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, நீங்கள் பார்க்கும் சர்வர்களில் எஸ்எஸ்எச் சாவிக்கோப்புக்கு 600 போன்ற இறுக்கமான அனுமதி இல்லையென்றால் அது வேலை செய்ய மறுக்குமே, அதே 4+2 கணக்குதான். ரிசால்வ்.கான்ஃப் இன்னும் இருக்கிறது. நாட்குறிப்பின் வாலைப் பார்ப்பது இன்னும் இருக்கிறது. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் பிபிபிஓஈ என்ற பெயரில் அந்தப் பழைய பிபிபிதான் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு கோளாறு வந்தால் முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வாருங்கள். எங்கே டிக் விழவில்லையோ அங்கே நில்லுங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது நம் குரலையே கணினி பேசுகிறது. மகன் குரலில் அழுதுகொண்டே பணம் கேட்டு மோசடிப் போன் வருகிறது என்று செய்திகளில் பார்க்கிறோம். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இதற்கு வழி தெரிந்திருந்தது. இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் உட்கார்ந்து ஒரு கேள்வியை முடிவு செய்து வையுங்கள். உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் மட்டும் பதில் தெரிந்த கேள்வி. பேஸ்புக்கில் போட்ட விஷயமாக இருக்கக் கூடாது. காகிதத்தில் எழுதி வைக்கவும் கூடாது. அவசரம் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் அதைக் கேளுங்கள். உண்மையான பிள்ளை கோபித்துக்கொண்டாலும் பதில் சொல்லும்.

எங்கள் வீட்டுக் கேள்வியை மாற்றிவிட்டோம். சேவு விஷயம்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே!

அன்புடன்,
உங்கள் டீச்சர்